கணபதி லேத் பட்டறையில் பான் கார் சர்வீஸ்: டயருக்கு முழு மார்க், டிஃபுக்குப் பாதி

கோவை கணபதியில் ஒரு சந்துக்குள் இருக்கிற இந்தப் பட்டறைக்குப் போர்டு கிடையாது. பெயரும் இங்கே வேண்டாம். மில்களுக்கு டாப் ரோலர் காட் பஃபிங் செய்து கொடுப்பதுதான் அவர்களுக்குச் சோறு போடும் தொழில். பஞ்சை இழுக்கும் உருளையின் ரப்பர் உறையான காட் ஓடி ஓடி வரி விழுந்ததும், 0.2 மி.மீ. அளவுக்குச் சாணை பிடித்து, இரண்டு ஓரமும் நடுவும் ஒரே விட்டத்துக்கு வரும்படி செய்வார்கள். ரிமோட்டில் ஓடும் 1/12 அளவுப் பந்தயக் காரான பான் காரின் ஃபோம் டயரை ட்ரூ பண்ணுவதும், அதாவது கடைந்து சீராக்குவதும், ஏறக்குறைய இதே வேலைதான். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர் என்பதால் பெரிய ரேஸ் காருக்குக் கை வைக்க ஆள் உண்டு. ஒரு சாண் அகலம்கூட இல்லாத காருக்கு இங்கேதான் வர வேண்டியிருக்கிறது.

டயர் வேலையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. பான் கார் ரிம்முக்கென்றே அலுமினியத்தில் மேண்ட்ரல் (ரிம்மை மாட்டும் தண்டு) கடைந்து வைத்திருக்கிறார்கள். ரிம்மை மாட்டியதும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் வந்த பிறகுதான் மோட்டாரைப் போடுகிறார்கள். வெட்டுவது டூல் பிட்டால் அல்ல, 80 நம்பர் உப்புத்தாள் சுற்றிய சுழலும் உருளையால். "ஃபோமு ரப்பராட்ட இல்லீங்க தம்பி, அவசரப்பட்டா பிச்சுக்கிட்டு கூடவே வந்துருமுங்க" என்று பட்டறைக்காரர் சொல்வது சரி. ஒரு ஓட்டத்துக்கு அரை மி.மீ.க்கு மேல் எடுப்பதில்லை. கடைசி இரண்டு ஓட்டம் 0.1 மி.மீ. மட்டும், அதுவும் மெதுவாக. கையால் தடவினால் வெல்வெட் மாதிரி இருக்கிறது. ஆழமாக வெட்டினால் துளைகளின் சுவர் கிழிந்து, முதல் பத்து நிமிட ஓட்டத்திலேயே துணுக்குத் துணுக்காக உதிரும்.

அளக்கிற விதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வெர்னியர் தாடையை ஃபோமில் வைத்து மூடினால் ஃபோம் அமுங்கி 0.2 மி.மீ. குறைத்துக் காட்டும். இவர் வெர்னியரை 42.5-ல் பூட்டிவிட்டு, டயருக்குப் பின்னால் டியூப் லைட் வெளிச்சம் விழும்படி பிடித்து, தாடைக்கும் ஃபோமுக்கும் நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிகிறதா என்று உள் ஓரத்திலும் வெளி ஓரத்திலும் பார்க்கிறார். கொடுத்த கணக்கு பின் டயர் 42.5, முன் டயர் 42. இடது வலது வித்தியாசம் 0.1-க்குள் நின்றது. அதைத் தாண்டினால் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் காரை எந்த ஸ்பிரிங்கைத் திருகியும் நேராக்க முடியாது.

இன்னொரு விஷயம், காட்டின் கடினத்தைச் சோதிக்கும் ஷோர் மீட்டர் அங்கேயே கிடக்கிறது. ஒரே நிற அடையாளம் போட்டு வரும் ஃபோமிலும் கடினம் டயருக்கு டயர் மாறும். நான்கு செட் கொடுத்தால் மீட்டரை அழுத்தி, எல்லா டயருக்கும் அழுத்திய பின் ஒரே அளவு நேரம் விட்டு ரீடிங் எடுத்து, ஜோடி சேர்த்துத் தருகிறார்கள். இதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. நான்கு டயர் ட்ரூ பண்ண 240 ரூபாய்.

கொடுப்பதற்கு முன் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிரிப்புக்குத் தடவிய அடிட்டிவ் ஊறிய டயரை அப்படியே கொடுக்காதீர்கள். ஊறிய ஃபோம் உப்பியிருக்கும். வெட்டும்போது சரியாக வந்து, காய்ந்ததும் கூம்பாகிவிடும். துடைத்து ஒரு ராத்திரி காயவைத்துக் கொடுங்கள். முன் டயரின் வெளிப்பக்கச் சுவருக்கு மெல்லிய சூப்பர் குளூ தடவுவதும் செய்கிறார்கள். கார்ப்பெட்டில் வளைவில் அந்த ஓரம் கடித்துக்கொண்டு கார் கவிழாமல் இருக்க அது அவசியம். தரையைத் தொடும் அந்த ஓர முனையை லேசாக உருட்டியும் விடச் சொல்லுங்கள், கேட்டால்தான் செய்வார்கள்.

டயர் சிறுத்தால் கியரும் மாற வேண்டும். 43 மி.மீ. டயர், 50 பல் பினியன் (மோட்டாரில் இருக்கும் சின்ன கியர்), 78 பல் ஸ்பர் (பின் அச்சில் இருக்கும் பெரிய கியர்) என்றால் மோட்டார் ஒரு சுற்றுக்கு கார் 86.6 மி.மீ. நகரும் (43 × 3.1416 × 50 ÷ 78). அதே டயர் 41-க்கு வந்தால் 82.6 மி.மீ.தான். 52 பல் பினியன் போட்டால் 85.9-க்குத் திரும்பும். ஒரு மி.மீ. தேய்மானத்துக்கு ஒரு பல் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். இதைக் கவனிக்காமல் நேர்க்கோட்டில் வேகம் போய்விட்டது என்று மோட்டாரைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம். பினியனை மாற்றியதும் பல்லுக்கு நடுவே பஸ் டிக்கெட் ஒன்றைக் கொடுத்துச் சுற்றி இடைவெளி பாருங்கள். டிக்கெட் கிழியாமல் மடிப்பு மட்டும் விழ வேண்டும்.

வளைவில் இரண்டு பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலான டிஃபில்தான் இவர்கள் கோட்டை விட்டார்கள். பால் டிஃபைப் பிரித்துச் சுத்தம் செய்தது சரி. வரி விழுந்த வளையத்தைக் கண்ணாடி மேல் 600 நம்பர் தாள் வைத்து எட்டு வடிவில் தேய்த்ததும் சரி. ஆனால் பூட்டும்போது மில் பேரிங்குக்குப் போடும் லித்தியம் கிரீஸை அப்பிவிட்டார்கள். பால் டிஃப் பல்லால் ஓடுவதில்லை, வளையத்துக்கும் 1/8 அங்குலக் குண்டுக்கும் நடுவே இருக்கும் பிடிப்பால்தான் ஓடுகிறது. வழுக்கும் கிரீஸ் போட்டால் குண்டு சறுக்கும், சூடாகும், பிளாஸ்டிக் ஸ்பரின் துளை உருகும். ஒரு செட்டுக்கு அதுதான் நடந்தது. டிஃபுக்கான சிலிக்கான் கிரீஸ் டியூபை நீங்களே எடுத்துப் போங்கள். வளையத்தில் மெல்லிய படலம் போதும். வீட்டுக்கு வந்ததும் பின் சக்கரம் இரண்டையும் இறுகப் பிடித்து, கட்டை விரலால் ஸ்பரைத் தள்ளிப் பாருங்கள். நகரக்கூடாது. அதற்காக ரொம்ப முறுக்கினால் டிஃப் சொரசொரவென்று ஓடி, வளைவில் மூக்கு வெளியே தள்ளும். நட்டை எட்டில் ஒரு பங்கு சுற்றாக முறுக்கிச் சோதித்தால் போதும்.

கார் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்பதைச் சரிசெய்யும் ட்வீக் வேலைக்குப் பட்டறையின் சர்ஃபேஸ் பிளேட்டை (துல்லியமாகச் சமதளமாக்கிய பலகை) இரவல் கேட்கலாம், மறுக்க மாட்டார்கள். வீட்டுக் கிரானைட்டை நம்புவதைவிட அது நல்லது. பேட்டரி, பாடி எல்லாம் மாட்டி, முன்பக்க நடுவில் கத்தி முனை கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். இடது முதலில் எழுந்தால், வலது சைடு ஸ்பிரிங் திருகை கால் சுற்று இறக்கி, இடதைக் கால் சுற்று தளர்த்துங்கள். பளு மூலைக்கு மூலை மாறும் என்பதால் பின் வலதை ஏற்றினால் முன் இடதுக்குக் கனம் கிடைக்கும். இதற்கு முன்பே முன் சக்கரம் திரும்பும் ஊசியான கிங்பின்னைக் கழற்றி அந்தப் பிளேட்டில் உருட்டிப் பாருங்கள். சுவரில் ஒருமுறை மோதிய கிங்பின் தட்டுத் தடுமாறி உருளும். வளைந்த கிங்பின்னோடு ட்வீக் பார்ப்பது வீண் வேலை.

பின்பக்கம் பக்கவாட்டில் ஆடுவதை அடக்கும் சைடு டேம்பர் டியூபுக்கு 10,000 முதல் 20,000 cSt (எண்ணெயின் கெட்டித்தன்மை அளவு) வரையிலான சிலிக்கான் எண்ணெய் வழக்கம். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் 40 டிகிரிக்குத் தகரக் கூரைக் கொட்டகையில் ஓட்டுகிறவர்கள் ஒரு படி கெட்டியாகப் போடலாம். திருப்பூர் குடோன் தரை என்றால் வேறு தொல்லை. பின் அச்சில் பஞ்சும் நூலும் சுற்றிக்கொண்டு பேரிங் சீலைத் தின்னும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ட்வீசரால் பிடுங்கிப் போடுங்கள். ஜமுக்காளம் விரித்து ஓட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு: பவானி ஜமுக்காளம் உட்காரத்தான். தரையிலிருந்து 3 மி.மீ. உயரத்தில் ஓடும் கார் போனால் சுருண்டு காரையே மூடிவிடும். கொடிசியா கண்காட்சிகளில் விரிக்கிற மாதிரி தட்டையான, முடி எழும்பாத கார்ப்பெட்தான் வேண்டும். கல்யாண மண்டபத்து வழவழத் தரையில் ஓட்டினால் உயரத்தை 3.5 வையுங்கள்.

கார்பன் சேசிஸ் விளிம்பைத் தேய்த்துக் குளூ கொடுக்கும் வேலைக்கு மட்டும் இங்கே கொடுக்க வேண்டாம். தண்ணீர் தொடாமல் காய்ந்த தாளில் தேய்க்கிறார்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டு, தண்ணீர் தொட்டு, வீட்டு வாசலில் நீங்களே செய்துகொள்ளலாம்.

திங்கள், செவ்வாய் மில் ரோலர் வந்து குவிந்து கிடக்கும், உங்கள் டயரைத் தொடவே மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு வேண்டுமென்றால் புதன் காலை கொடுத்து வெள்ளி சாயங்காலம் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது இடது வலது அடையாளம் ரிம்மில் மார்க்கரால் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.