வெட்டும் என்சைமைத் தடுப்பதா, ஏவிவிடும் டி.என்.எஃப்-ஐத் தடுப்பதா?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்கள் இரண்டிலும் குடலின் உட்சுவர் அரிக்கப்படுவதில் நம் உடம்பே சுரக்கும் என்சைம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எம்.எம்.பி எனப்படும் இவை கொலாஜன் போன்ற இழைப் புரதங்களை வெட்டுபவை. சாதாரணமாக இது பழுதுபார்க்கும் வேலைதான். டிம்ப் என்ற தடுப்புப் புரதங்கள் அதை அளவோடு வைத்திருக்கும். அழற்சி முற்றினால் டி.என்.எஃப் என்ற சமிக்ஞைப் புரதம் ஏவிவிட, வெட்டு கைமீறிப் போகிறது.

அப்படியானால் மருந்து எங்கே கை வைக்க வேண்டும்?

என்சைமையே பிடிப்பதுதான் நேர்வழி என்று தோன்றும். எம்.எம்.பி-9 நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களுக்குள் தயாராகக் காத்திருப்பது, புண்ணான இடத்தில் ஏராளமாகக் கொட்டுவது. அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு டி.எஸ்.எஸ் என்ற ரசாயனத்தைக் குடிநீரில் கலந்து கொடுத்தபோது குடல்புண் குறைவாகவே வந்தது. ஆனால் அதன் நெருங்கிய உறவான எம்.எம்.பி-2 இல்லாத எலிகளுக்கோ நோய் இன்னும் கடுமையானது! ஒன்று கெடுக்கிறது, இன்னொன்று காக்கிறது. எல்லா எம்.எம்.பி-களையும் ஒட்டுமொத்தமாக முடக்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். புற்றுநோய்க்காகச் சோதித்த மாரிமாஸ்டாட் என்ற பொதுத் தடுப்பானே மூட்டுவலியில் கொண்டுபோய் விட்டது.

அதனால் எம்.எம்.பி-9-ஐ மட்டும் குறிவைத்து ஆண்டெகாலிக்சிமாப் என்ற ஆன்டிபாடி வந்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளிடம் எட்டாவது வாரத்தில் பார்த்தால் பிளாசிபோவைவிட (மருந்தில்லாத போலி மருந்தைவிட) மேலாக ஒன்றுமில்லை. சோதனையை நிறுத்திவிட்டார்கள். க்ரோன் நோயிலும் அது கைகொடுக்கவில்லை.

டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் கதை வேறு. 2005-இல் வெளியான ஆக்ட்-1 என்ற அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் சோதனையில் அதே எட்டாவது வாரத்தில், உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் பெற்றவர்களில் 69 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. பிளாசிபோ பெற்றவர்களில் 37 சதவீதம். இரண்டு சோதனைகளின் அளவுகோல்களும் ஒன்றல்ல, எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது. ஆனாலும் எந்தப் பக்கம் பலன் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எம்.எம்.பி-9-ஐ மட்டும் அடைத்தால் எம்.எம்.பி-3, எம்.எம்.பி-12, நியூட்ரோபில் எலாஸ்டேஸ் போன்ற மற்ற வெட்டும் என்சைம்கள் எல்லாம் வேலையைத் தொடரும். டி.என்.எஃப்-ஐ அடக்கினால் என்சைம்களின் உற்பத்தியே இறங்குகிறது.

அதற்காக என்சைம்களை ஒதுக்கிவிட முடியாது. எம்.எம்.பி-3, எம்.எம்.பி-12 இரண்டும் இன்ஃப்ளிக்சிமாப் மூலக்கூறையே அதன் கீல் பகுதியில் வெட்டக்கூடியவை. ஆக, நோயை அடக்க வந்த மருந்தே புண்ணுக்குள் போய்த் துண்டாகலாம். மருந்து கேட்காத நோயாளிக்கு இன்று ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கிறார்கள். குடல் சுவருக்குள் அதில் எவ்வளவு வெட்டுப்பட்டது என்பது அந்தப் பரிசோதனையில் தெரியாது. என்சைம் ஆராய்ச்சி இனி இறங்க வேண்டிய இடம் அதுதான் என்பேன்.