லிஸ்பனில் ஒரு நாள்: கோபுரத்தை விட்டுப் பொத்தான் கடைக்கு

திருகோணமலை உவர்மலையில் முப்பது வருடமாக இரவிக்கை தைத்து வருகிறேன். 2024இல் தங்கையின் மகனிடம் போர்த்துக்கலின் தலைநகரான லிஸ்பனுக்குப் போனபோது, வந்த மறுநாளே அவன் என்னைப் பெலெம் கோபுரத்துக்குக் கூட்டிப்போனான். வரிசையின் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. வெளியில் நின்று பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. அதோடு திரும்பிவிட்டோம். "நாளைக்கு நான் சொல்லும் இடங்களுக்குப் போகலாம்" என்றேன். "பெரியம்மாவுக்கு இங்கே என்ன இடம் தெரியும்?" என்று சிரித்தான்.

முதலில் டிக்கெட். மெட்ரோ நிலைய இயந்திரத்தில் 24 மணி நேர டிக்கெட் 2024இல் 6.80 யூரோவாக இருந்தது, அட்டைக்குத் தனியாக 0.50. பஸ், ட்ராம், மெட்ரோ மூன்றுக்கும் அது செல்லும். ட்ராமில் ஏறிச் சாரதியிடம் வாங்கினால் ஒரு தடவைக்கே மூன்று யூரோவுக்கு மேல் போய்விடும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அட்டையை இயந்திரத்தில் தொட்டுக் காட்ட வேண்டும், மறக்கக் கூடாது.

புகழ்பெற்ற 28ஆம் இலக்க மஞ்சள் ட்ராமுக்கு எல்லோரும் மார்த்திம் மொனிஸ் சதுக்கத்தில்தான் காத்து நிற்கிறார்கள். நாங்கள் பஸ்ஸில் மறுமுனைக்குப் போனோம். அங்கே ஒரு மயானம் இருக்கிறது. பெயர் பிரஸெரெஸ். பொருள் கேட்டேன், 'இன்பங்கள்' என்றான். மயானத்துக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா! உள்ளே கல்லறைகள் எல்லாம் சிறிய வீடுகள்போல, தெருத்தெருவாக. கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் சவப்பெட்டிகள் தெரிகின்றன. பல கதவுகளில் ரேந்தை (லேஸ்) திரை தொங்குகிறது. சில கையால் பின்னியவை. வெயிலில் பழுப்பேறி, ஓரம் கிழிந்து, இருந்தும் ஒரு கண்ணி நழுவவில்லை. இறந்தவர்களின் வாசலில் நின்று தையல் பார்த்தது சரியா தெரியாது. அரை மணி நேரம் பார்த்தேன்.

அங்கே ட்ராமில் இடம் தாராளமாகக் கிடைத்தது. சன்னலோரம் உட்கார்ந்து நகரின் நடுவிலுள்ள கொன்சைசாவ் தெருவில் இறங்கினோம். என்னைக் கேட்டால் லிஸ்பனில் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான். பொத்தான், நூல், நாடா, ரேந்தை விற்கும் பழைய கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் நுழைந்த கடை நாலு பேர் நிற்க இடமில்லாத அளவு. ஆனால் சுவர் முழுக்கக் கூரைவரை மர இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பொத்தானில் ஒன்று தைத்திருக்கிறது. கடைக்கார அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. எனக்குப் போர்த்துக்கீசம் வராது. "பொத்தான்" என்று சொல்லி விரலால் வட்டம் போட்டேன். "பொத்தாவ்ங்!" என்று அவர் இழுப்பறையைத் திறந்தார். "ரேந்தை" என்றேன். "ரெண்டா" என்று சுருளை எடுத்து விரித்தார். பெறாமகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். எனக்குத் தையல் பழக்கியவர் எங்கள் ஊர்ப் பாலையூற்றில் இருந்த, போர்த்துக்கீச வழிவந்த பறங்கி அன்ரி ஒருவர். லேஞ்சி (கைக்குட்டை), ரேந்தை எல்லாம் அவர் வாயில் கேட்ட சொற்கள். திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டிய போர்த்துக்கீசர், போகும்போது பொத்தானை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சிப்பிப் பொத்தான் ஒரு டசின் வாங்கினேன். விலை மலிவில்லை. அந்த அம்மா அவசரப்படுத்தாமல் இருபது வகை எடுத்துக் காட்டினார், அதற்கே கொடுக்கலாம். இதே தெருவின் அடியில் உரோமர் காலச் சுரங்கக் கூடங்கள் இருக்கின்றனவாம். 1755 பூகம்பத்துக்குப் பிறகு நகரைத் திரும்பக் கட்டும்போது, 1771இல் அகப்பட்டவை. உள்ளே தண்ணீர் நிற்பதால் வருடத்தில் சில நாட்கள் மட்டும் இறைத்துவிட்டுத் திறக்கிறார்கள். எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பக்கத்துத் தெருவின் பெயர் 'சப்பத்தெய்ரோஸ்', சப்பாத்துக்காரர் தெரு. இன்னொன்று துணி வியாபாரிகளுடையது.

மத்தியானச் சாப்பாட்டில்தான் ஏமாந்தேன். கடையின் பெயர் வேண்டாம். உட்கார்ந்தவுடன் கேளாமலே ஒலிவ் காயும் ஒரு கூடை பாணும் (ரொட்டி) வைத்தார்கள். "பாவ்ங்" என்றார் பரிமாறியவர். அட, நம்முடைய பாண் என்று மகிழ்ந்து தின்றேன். பில்லில் அதற்கு மூன்றரை யூரோ! அந்த ஊர் வழக்கம் அப்படி: தொட்டால் காசு, வேண்டாமென்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வறுத்த மத்தி மீன் பரவாயில்லை, நம் கடலுக்கு ஈடில்லை.

பிறகு ரொசியோ சதுக்கத்துக்கு அருகிலுள்ள சாந்து தொமிங்கு தேவாலயம். 1959இல் தீப்பிடித்து எரிந்தது, 1994இல்தான் திரும்பத் திறந்தார்கள். வெடித்துச் சிதைந்த தூண்களுக்குப் பூச்சுப் பூசி மறைக்கவில்லை. கூரை மட்டும் புதிது. கட்டணம் இல்லை. நான் சைவக்காரி, இருந்தாலும் வெகுநேரம் எழும்ப மனம் வரவில்லை.

மாலையில் ஆற்றின் அக்கரையிலுள்ள கசில்யாசுக்குப் படகு. அதற்குத் தனி டிக்கெட், பத்து நிமிடப் பயணம். திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சில் (மோட்டார்ப் படகில்) போனவர்களுக்கு அது பயணமே இல்லை.

நடைபாதை முழுக்கச் சிறு கல் பதித்து மினுக்கியிருக்கிறார்கள், ஏற்றம் இறக்கத்தில் வழுக்கும். முழங்கால் நோவுள்ளவர்கள் இறப்பர் அடி போட்ட சப்பாத்தோடு போங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பொத்தான் கடைகள் பூட்டு.

டசினில் ஐந்து, தங்கையின் இரவிக்கைக்குப் போய்விட்டது. மிச்சம் ஏழும் கடை அலுமாரியில் இருக்கின்றன. விலை கேட்கிறார்கள், கொடுக்க மாட்டேன்.