சொல்லிச் செய்த வேலைக்கத்தி

சரக்குக் கிடங்கில் பெட்டி பிரிப்பதும் கட்டுவதும்தான் என் வேலை. அட்டை, பிளாஸ்டிக் பட்டை, நைலான் கயிறு, சுற்றியிருக்கும் மெல்லிய பாலித்தீன், நடுநடுவே மரப்பெட்டியில் கிளம்பி நிற்கும் சிம்பு. இத்தனைக்கும் இடுப்பில் ஒரே கத்தி போதும் என்கிற ஆசையில், கையால் கத்தி செய்யும் ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்கினேன். அருமையான கத்தி. எதனால் அருமை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கத்தி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கனத்தையும் பளபளப்பையும் பார்க்கிறார்கள். அட்டையை அறுக்க அது இரண்டும் உதவாது.

அவர் முதலில் என் பழைய கத்தியைக் கேட்டு வாங்கினார். அதன் வாயை, அதாவது அறுக்கும் விளிம்பை, கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பினார். பிடியை ஒட்டிய பாதி தேய்ந்து உள்வாங்கியிருந்தது. நடுப்பகுதி ஏறக்குறைய புதுசு. நுனி ஒடிந்திருந்தது. “இழுத்து அறுக்கிறது எல்லாம் அடிப்பக்கத்துல நடக்குது. நுனிக்கு நெம்புற வேலை” என்றார். புதுக் கத்தியின் வடிவம் அங்கேயே முடிவாகிவிட்டது: அடிப்பக்கம் நேரான வாய், நுனிக்குப் போகப் போக மெல்ல வளைவு, முதுகு லேசாக இறங்கி வாயைச் சந்திக்கிற மாதிரி நுனி. இப்படி முதுகு இறங்கும் வடிவத்தை வேட்டைக் கத்திகளில் பரவலாக்கியவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் பாப் லவ்லெஸ். நுனிக்குப் பின்னால் இரும்பு போதுமான அளவு இருப்பதால் குத்தவும் கிளறவும் தைரியமாக இறங்கலாம்.

இரும்பைத் தொடுவதற்கு முன் ஒட்டுப்பலகையில் ஒரு மாதிரி செய்து கொடுத்தார். அதைக் கையுறை போட்டுக்கொண்டு பிடித்துப் பார்த்து, உறுத்தும் இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னார். பிடி எனக்கு இங்கேதான் சரியாக அமைந்தது என்று நினைக்கிறேன். குறுக்கே வெட்டிப் பார்த்தால் முட்டை வடிவம். உருண்டையான பிடி கைக்குள் சுழலும். வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். இதில் உறையிலிருந்து எடுக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசிப் பக்கம் சற்றுப் புடைத்திருப்பதால், பட்டையை இழுத்து அறுக்கும்போது சுண்டுவிரலுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. பிடிக்குப் போட்டது மைக்கார்ட்டா, அதாவது கித்தான் துணியை அடுக்கடுக்காகப் பிசினில் ஊறவைத்து அழுத்திய பலகை. மெருகேற்றாமல் விட்டதால் வியர்வைக் கையிலும் வழுக்குவதில்லை. மரம் இதைவிட அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும்.

எஃகு 52100. பேரிங் குண்டு செய்கிற அதே ரகம்: சுமார் 1 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் குரோமியம். துருப்பிடிக்காத எஃகுக்குக் குறைந்தது பத்தரை சதவீதமாவது குரோமியம் வேண்டும் என்பதால், இது துருப்பிடிக்கும் ஜாதிதான். ஆனாலும் இதைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. இதன் மணி, அதாவது எஃகுக்குள் இருக்கும் படிகத் துகள், மிகப் பொடிசு. வாயை மெல்லியதாக இறக்கினாலும் லேசில் உதிராது.

தோய்ச்சல்தான், அதாவது சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்குவதுதான், கத்தியின் உயிர். இரும்பு 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தத்தில் ஒட்டாது. உலையடியில் வேலை செய்கிறவர்களுக்கு அது பழைய அடையாளம். இந்த எஃகுக்கு அது மட்டும் போதாது. குரோமியம் கலந்த கார்பைடுகள் என்னும் கடினத் துகள்கள் கரைய நேரமெடுக்கும் என்பதால், வெப்பம் காட்டும் மின் உலையில் 840 டிகிரிக்குப் பக்கத்தில் சிறிது நேரம் நிறுத்தி, பிறகு எண்ணெயில் இறக்குகிறார். அந்த நொடியில் எஃகு கடினமாகிறது, கூடவே உடையக்கூடியதாகவும் ஆகிறது. அந்த நிலையில் கீழே விழுந்தாலே விரிசல் விடலாம். அதனால் மறுபடி 200 டிகிரி அளவில் இரண்டு தடவை சூடாக்கி விறைப்பைத் தளர்த்துகிறார். முடிவில் கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 60 வருகிறது.

கத்தியைக் கையில் கொடுக்கும் முன் அவர் செய்துகாட்டிய சோதனை என்னால் மறக்க முடியாதது. வைஸில் ஒரு பித்தளைக் கம்பியைப் பிடித்து, வாயை அதன்மேல் சாய்த்து, அழுத்தியபடி மெல்ல நகர்த்தினார். கம்பி படும் இடத்தில் வாய் வளைந்து, நூலிழை வெளிச்சமாகத் தெரிந்தது. கத்தி நகர நகர அந்த வெளிச்சமும் கூடவே நகர்ந்தது. கம்பியைத் தாண்டிய இடம் உடனே நேரானது. வளைந்தது வளைந்தபடி நின்றால் தோய்ச்சல் இளசு. சில்லு பெயர்ந்தால் முற்றிப்போனது. இது இரண்டும் இல்லாமல் திரும்பி நின்றது. கையால் செய்கிறவரிடம் வாங்கினால் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், தயங்காமல் கேளுங்கள்.

இனி கனம். அலகு 105 மில்லிமீட்டர் நீளம், முதுகு பிடியருகில் 3 மில்லிமீட்டர், நுனிக்குப் பக்கத்தில் அதில் பாதி. முதுகிலிருந்து வாய் வரை தட்டையாகச் சாய்ந்து இறங்கி, கூர் தொடங்கும் இடத்தில் 0.4 மில்லிமீட்டர்தான். இந்தக் கடைசி எண்தான் எனக்கு முக்கியம். சவரம் செய்கிற அளவுக்குக் கூர் இருந்தும் அட்டையில் சிக்கிக்கொள்ளும் கத்திகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கூர் உள்ளே போய்விடும். பின்னால் வரும் தடித்த உடம்பு ஆப்பு மாதிரி நின்றுவிடும். 5 மில்லிமீட்டர் கனத்தில் கத்தி கேட்டு வருகிறவர்கள் கடப்பாரை வேலையைக் கத்தியிடம் கேட்கிறார்கள் என்பது என் எண்ணம். இந்தக் கத்தி மொத்தமே 150 கிராம்தான் வரும். பிடிக்குள் போகும் இரும்பில் ஓட்டைகள் போட்டு எடையைக் குறைத்திருப்பதால், சமநிலை ஆள்காட்டி விரலில் நிற்கிறது.

வேலையில் எப்படி? மூன்றடுக்கு அட்டையை நீளமாக அறுக்கும்போது கை வலிப்பதில்லை. பட்டையை ஒரே இழுப்பில் எடுக்கிறது. முதுகில் கட்டைவிரல் வைக்கும் இடத்தை மட்டும் உருட்டிவிட்டு, மீதியைச் செங்கோணமாகவே விட்டிருக்கிறார். டேப் பசையைச் சுரண்ட அந்த விளிம்பு அவ்வளவு உதவி. வாயைக் கெடுக்க வேண்டியதில்லை. அட்டை எந்தக் கூரையும் தின்னும். அதனால் வேலை முடிந்ததும் கூரைச் சரிசெய்யும் தோல் வாரில் நாலு இழுப்பு இழுக்கிறேன், கல்லில் போடுவது எப்போதாவதுதான். வெறும் அட்டை மட்டுமே அறுப்பவருக்கு உடைத்துப் போடும் அலகுள்ள கட்டர் இன்னும் வேகம். ஜப்பானில் 1956-ல் யோஷியோ ஒகடா கண்டுபிடித்த அந்த யோசனையை இன்றுவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கயிற்று முடிச்சில் செருகித் திருப்பினாலோ, மரத்தைச் சீவினாலோ அது பட்டென்று ஒடியும்.

குறை இரண்டு. வாய் பிடியைச் சேரும் இடத்தில், கல்லில் முழு வாயும் படட்டும் என்று ஒரு சின்னப் பள்ளம் எடுத்திருக்கிறார். தீட்ட வசதிதான். ஆனால் பாலித்தீனும் கயிற்றுப் பிசிரும் சரியாக அந்தப் பள்ளத்தில் போய்ச் சிக்குகின்றன. அடிப்பக்கத்தால் அறுக்கிற என் மாதிரி ஆளுக்கு இது தினசரி எரிச்சல். இன்னொன்று உறை. தோல் உறை கத்தியை நன்றாகக் கவ்வுகிறது, குலுக்கினாலும் விழாது. ஆனால் நனைந்தால் உள்ளே ஈரம் தங்குகிறது. விட்டுவைத்தால் மறுநாள் அலகில் செம்புள்ளி. மழைக்காலத்தில் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, உறைக்கு வெளியேதான் வைக்கிறேன். அலகில் படர்ந்திருக்கும் சாம்பல்நீலக் கறையைத் தேய்த்து எடுக்க வேண்டாம். அது துருவைக் கொஞ்சம் தடுக்கிறது.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களும், கத்தியைத் துடைத்து வைக்கும் பழக்கம் வராதவர்களும் துருப்பிடிக்காத எஃகில் ஆலைக் கத்தி வாங்கிக்கொள்வது நல்லது. என்னோடு வேலை செய்யும் நண்பருக்காக, என் கத்தியைச் செய்தவரிடமே இன்னொன்று சொல்லியிருக்கிறேன். அதே எஃகு, அதே கனம். நண்பருக்குக் கை பெரிது என்பதால் பிடி மட்டும் ஒரு விரல் நீளம் கூடுதல். பள்ளம் வேண்டாம் என்றேன். முதலில் யோசித்தார், பிறகு வாயைப் பிடி வரைக்கும் நேராகக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். உறையின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளையும் கேட்டிருக்கிறேன்.