மண் நனைப்பான்: கச்சான் காலத்து மைதானத்துக்கு வாங்கலாமா?

கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து மணல் மைதானங்களில் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் புல்லுக்குள் அங்கங்கே காய்ந்த திட்டுகள் விழும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வழிந்து பக்கத்துப் பச்சைப் புல்லுக்குப் போய்விடும். திட்டைக் கிண்டினால் உள்ளே தூசு பறக்கும். உக்கிய வேரும் பூஞ்சணமும் விட்டுப்போகும் மெழுகுப் படலம் மணலை மூடிக்கொள்வதுதான் காரணம். இதற்கென்றே விற்கும் மண் நனைப்பான் (வெட்டிங் ஏஜென்ட்) திரவம் நல்ல சாமான்தான். ஊற்றிவிட்டுப் போய்விடலாம் என்று நினைப்பவருக்கு மட்டும் காசு வீண்.

வாங்குமுன் ஒரு சோதனை. திட்டுக்குள் 5 செ.மீ. ஆழத்துக்கு மண்துண்டு ஒன்றை வெட்டி, காற்றோட்டமாகக் காயவிட்டு, பக்கவாட்டில் கிடத்தி ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். 5 விநாடிக்குள் உறிஞ்சினால் மண்ணில் குற்றமில்லை. கிணற்று நீரின் உவரையோ, புல்லுக்கடியில் புதைந்த கல்லையோ தேடுங்கள். ஒரு நிமிடம் தாண்டியும் துளி முத்துப்போல உருண்டு நின்றால் இந்தத் திரவம் வேண்டும். பெரும்பாலும் மேல் 2–3 செ.மீ.தான் மோசமாக இருக்கும்.

அளவு லேபலுக்கு லேபல் மாறும். மாதமொருமுறை அடிப்பவற்றில் ஹெக்டயருக்கு 20 லீற்றர் வழக்கமான கணக்கு, அதாவது சதுர மீற்றருக்கு 2 மில்லிலீற்றர். 16 லீற்றர் டேங்கில் 400 மில்லிலீற்றர் கலந்தால் 200 சதுர மீற்றர் அடிக்கலாம். முதலில் தண்ணீர், பிறகு திரவம். மாற்றிச் செய்தால் டேங்க் முழுக்க நுரைதான். வயலுக்குக் களைகொல்லி அடித்த டேங்க் என்றால் மூன்று தரம் கழுவாமல் தொடவே வேண்டாம், மிஞ்சிய புல்லும் போய்விடும்.

அடிப்பதற்கு முன் திட்டை 10 செ.மீ. ஆழத்துக்குப் தோட்ட முட்கரண்டியால் (ஃபோர்க்) நெருக்கமாகக் குத்துங்கள். பலர் விடுவது இந்த இடத்தில்தான்: துளையில்லாவிட்டால் திரவமும் தண்ணீரைப் போலவே வழிந்தோடும். அடித்த கையோடு, இலையில் காயுமுன், 5 மி.மீ. தண்ணீர் விட்டுக் கீழே இறக்கவேண்டும். 200 சதுர மீற்றருக்கு அது சரியாக 1000 லீற்றர், ஒரு பெரிய தண்ணீர்த் தாங்கி. மத்தியான வெயிலில் அடித்துக் கழுவாமல் விட்டால் இலை நுனி கருகும்.

குறை ஒன்று: படலம் மணலிலேயே இருக்கும், தண்ணீரை உள்ளே விடத்தான் இது வழிசெய்கிறது. அதனால் நாலைந்து வாரத்தில் திரும்ப அடிக்கவேண்டும், மழை பிடிக்கும் வரைக்கும். திட்டு தெரிந்த பிறகு தொடங்குவதைவிடக் கச்சானுக்கு முன்பே தொடங்குவது செலவு குறைவு.

பூச்சிமருந்தோடு கலக்கும் ஒட்டுத் திரவம் மலிவுதான், ஆனால் அது இலைக்கு, மண்ணில் நிலைக்காது. சலவைத்தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் புல்லை எரிக்கும். தண்ணீர்க் குழாய் முனையில் மாட்டும் துப்பாக்கிக்குள் போடும் மாத்திரை வகை, நாலைந்து திட்டு மட்டும் உள்ள இடத்துக்கு வசதி, முழு மைதானத்துக்குக் கட்டாது. கிரிக்கெட் பிட்சுக் களிமண்ணில் எதையும் அடிக்காதீர்கள். வெளிமைதான மணலுக்கு மட்டும்.