டிஷ்வாஷரும் அம்மா குடுத்த ஈயச்சொம்பும்

2020 லாக்டவுன்ல, வேலைக்கு வர்ற அக்கா வர முடியாம போனப்ப வாங்கின டிஷ்வாஷர், இன்னிக்கு வரைக்கும் தினமும் ஓடுது. எவர்சில்வர் தட்டு, டம்ளர், எண்ணெய்ப் பிசுக்கு பிடிச்ச கடாய் எதைப் போட்டாலும் பளிச்னு வருது, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. நான் எழுத வந்தது பரண்ல இருந்து இறக்கின பழைய பாத்திரங்களைப் பத்தி.

கல்யாணத்துக்கு அம்மா குடுத்த ஈயச்சொம்புலதான் (காரீயம் இல்ல, வெள்ளீயம்) எங்க வீட்டுல ரசம் வெச்சுட்டிருந்தேன். வெறும் சொம்பை அடுப்புல வெச்சா உருகிடும், புளித்தண்ணி ஊத்திட்டுதான் பத்த வைக்கணும். நான் ஊருக்குப் போயிருந்த பத்து நாளும் என் வீட்டுக்காரர் அதை மெஷின்லயே போட்டிருக்கார், ஈயம் உருக 230 டிகிரிக்கு மேல வேணும், மெஷின்ல 70 தாண்டாதேன்னு கணக்கு. உருகலதான். ஆனா வெள்ளி மாதிரி இருந்த சொம்பு சிலேட்டு கலர்ல நிக்குது, உள்ள தடவினா விரல்ல பென்சில் தூள் மாதிரி ஒட்டுது, விளிம்பு பூரா பொடிப் பொடியா குழி. பார்த்ததும் அழுகையே வந்துடுச்சு. அம்மா கையில வாங்கிப் பார்த்துட்டு, "வெந்நீர் ஊத்தி துணியால துடைச்சா போதுமேடி, இதுக்கு சோப்பே வேணாமே"ன்னாங்க.

சூட்டை விட, மெஷின்ல சோப்புக்குப் பதிலா போடுற டேப்லெட்தான் இங்க வில்லன். அதுல சலவை சோடா ஜாஸ்தி, சுடுதண்ணியோட சேர்ந்து ரெண்டு மணி நேரம் அடிச்சா ஈயத்தையும் அலுமினியத்தையும் அரிச்சுடும். அலுமினிய இட்லித்தட்டு எனக்கு ஒரே மாசத்துல கறுத்துப் போச்சு. பித்தளை டபராவுல மஞ்சள் போய் திட்டுத் திட்டா செம்பு நிறம் வந்துடுச்சு, பித்தளைல கலந்திருக்குற துத்தநாகம் கரைஞ்சு போறதால அப்படி ஆகுது, அதோட உள்ள ஈயம் பூசியிருந்தா அந்தப் பூச்சும் போயிடும், அப்புறம் அதுல புளி ஊத்தினா களிம்புதான். பழக்கின தோசைக்கல் துருப்பிடிக்கும், சொல்லவே வேணாம்.

கல்சட்டியை மட்டும் நான் ஒரு தடவை கூட வைக்கல. வடிகஞ்சி ஊத்தி நாள் கணக்கா பழக்கின கல்லு, எண்ணெயைக் குடிச்ச மாதிரி சோப்பையும் குடிச்சுக்கும், அப்புறம் வத்தக்குழம்புல அந்த வாசனைதான் வரும்.

தங்க விளிம்பு போட்ட பீங்கான் கப் சாசர் இருந்தா ரொம்ப ஜாக்கிரதை. ஒரு வாஷ்ல ஒண்ணும் தெரியாது, அதனாலதான் ஏமாந்துடுவோம். பூவும் கோடும் பீங்கானோட பளபளப்புப் பூச்சுக்கு மேல வரைஞ்சதா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா தேயும், மாமியாரோட ஆறு கப்புல ரெண்டுல இப்ப கோடே இல்ல.

கண்ணாடி டம்ளர் மங்கினா உடனே தூக்கிப் போட்டுடாதீங்க, வினிகர் தொட்டுத் தேய்ச்சுப் பாருங்க. வெள்ளை போச்சுன்னா அது தண்ணியோட உப்பு, எங்க போர் தண்ணிக்கு, தண்ணியை மென்மையாக்க மெஷின்ல போடுற தனி உப்பை ரொப்பி, தண்ணியோட கடினத்துக்கான செட்டிங்கை ஏத்தினதும் நின்னுடுச்சு. போகலன்னா கண்ணாடியே அரிச்சிருக்கு, அதுக்கு வழி கிடையாது.

இப்ப சிங்க் பக்கத்துல தனியா ஒரு மூங்கில் கூடை வெச்சிருக்கேன், அதுல விழுறது எல்லாம் கையாலதான். சொம்பும் அதுலதான் இருக்கு, ரசத்துக்கு எடுக்கிறதில்ல, எடைக்குப் போடவும் மனசு வரல.