பழைய வேஸ்டாஸ் வி27 காற்றாலை: யாருக்குக் கட்டுபடியாகும்?

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் 1990-களில் நட்ட வி27 காற்றாலைகள் இன்றும் கைமாறுகின்றன. 225 கிலோவாட், 27 மீட்டர் சுழல் விட்டம். சொந்த ஹெச்டி (உயர் அழுத்த மின்) இணைப்பு உள்ள நூற்பாலைக்கு நல்ல சரக்கு. மின்வாரியத்துக்கு விற்றுச் சம்பாதிக்க நினைப்பவர் தொடவேண்டாம்.

ஆண்டு முழுக்க முழுத்திறனில் ஓடினால் 19.71 லட்சம் யூனிட். அதில் 20 சதவீதம் கிடைத்தாலே நல்ல இடம்; சுமார் 3.9 லட்சம் யூனிட். 2006 மே மாதத்துக்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்த கொள்முதல் விலை 2.75 ரூபாய். அந்த விலைக்குக் கொடுத்தால் 10.8 லட்சம் ரூபாய் வரும். பராமரிப்பு, காப்பீடு, காவலாள் போக, கியர்பாக்ஸ் ஒருமுறை பழுதாகிக் கீழே இறங்கினால் அந்த வருஷ வரவு காலி. அதே யூனிட்டை மில்லில் ஓட்டினால் மிச்சமாவது ஏழு ரூபாய்க்கு மேலான தொழிற்சாலைக் கட்டணம். வீலிங் (வாரியக் கம்பிவழி கொண்டுசெல்லும் கட்டணம்), லைன் லாஸ் (வழியில் வீணாகும் மின்சாரம்), பேங்கிங் (உபரி யூனிட்டை வாரியத்தில் வரவு வைத்துப் பிறகு எடுப்பது) கழிவு போனாலும் கையில் நிற்கும்.

பேங்கிங்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். உற்பத்தியின் பெரும்பங்கு மே முதல் செப்டம்பருக்குள் வந்துவிடும். பழைய விதிப்படி கணக்கு மார்ச் 31-ல் முடிந்தது. அன்று மிஞ்சிய யூனிட்டுக்குக் கொள்முதல் விலையில் 75 சதவீதம்தான் கிடைத்தது. நள்ளிரவு யூனிட்டைக் காட்டி உச்சநேரப் பயன்பாட்டைக் கழிக்கவும் முடியாது. 20 வருஷம் தாண்டிய இயந்திரங்களுக்கு 2024-ல் தமிழக அரசு, புதுப்பித்தல், ஆயுள் நீட்டிப்பு பற்றித் தனிக் கொள்கை கொண்டுவந்தது. ஆயுள் நீட்டிப்புச் செலவை விலையோடு சேர்த்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

விற்பவர் காட்டும் ஆண்டு மொத்தத்தை நம்பவேண்டாம். ஐந்து வருஷ மாதாந்தர உற்பத்தி அறிக்கையை வாங்கி, ஜூலை மாத யூனிட்டைக் கன்ட்ரோலர் காட்டும் ஓட்ட நேரத்தோடு ஒப்பிடுங்கள். நேரம் குறைவென்றால் ஃபீடர் டிரிப் (துணைமின் நிலையக் கம்பித்தடம் துண்டிப்பு) அல்லது பழுது. நேரம் சரியாக இருந்தும் யூனிட் குறைந்தால் தவறான பிட்ச் கோணம் (இறக்கை திரும்பி நிற்கும் கோணம்), தேய்ந்த இறக்கை முனை, அல்லது காற்று வரும் திசையில் புதிதாக எழுந்த உயரமான காற்றாலை. மூன்றாவதற்கு மருந்து கிடையாது: காற்றின் வேகம் 10 சதவீதம் குறைந்தால் அதிலுள்ள ஆற்றல் 27 சதவீதம் போய்விடும். அந்தக் காலத்தில் வரிச் சலுகைக்காக நட்டவையே ஏராளம், இடம் பார்த்து நட்டவை குறைவு.

மேலே ஏறினால் முதலில் பிட்ச் ஹைட்ராலிக்கை (இறக்கையைத் திருப்பும் எண்ணெய் அழுத்த அமைப்பு) பாருங்கள். சீல் கசிந்தால் நாசெல் (கோபுர உச்சி இயந்திர அறை) தரையில் எண்ணெய் படிந்திருக்கும். அழுத்தம் இறங்கிக் காற்றாலை அடிக்கடி நிற்கும். அடுத்து கியர் எண்ணெய். வடிகட்டியில் உலோகத் துகள் மினுங்கினால் பேரிங்கோ பல்லோ தேய்கிறது. விலையைக் குறைத்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஃபீடர் டிரிப் ஆகும் ஒவ்வொரு முறையும் அவசர நிறுத்தம் இதே கியர்பாக்ஸைத்தான் உலுக்குகிறது. எனவே துணைமின் நிலையத்தின் டிரிப் பதிவும் கேட்டு வாங்கவேண்டிய ஆவணம்.

கிரேன் வேலை எதுவானாலும் ஏப்ரலுக்குள் முடியட்டும். ஜூலைக் காற்றில் இறக்கையைத் தூக்கவே முடியாது; வாடகை மட்டும் ஏறும்.