ஏணி மேல் குடித்தனம்: நாங்கள் படகேற்றும் யார்டு

சீசன் முடிந்து பாய்ப்படகைக் கரையேற்ற இடம் தேடுபவர்களுக்காக எழுதுகிறேன். மலாக்கா நீரிணைக் கரையில், ஓர் ஆற்று வாய்க்குள் இருக்கிற யார்டு இது, அதாவது படகைக் கரையேற்றி வைத்துப் பழுது பார்க்கும் இடம். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை, வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். சொந்தப் படகில் தானே கை வைத்து வேலை பார்ப்பவர் தாராளமாகப் போகலாம். சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிற ஆளுக்கு இது சரிப்படாது.

எங்களுடையது 34 அடி ஃபைபர் படகு. வீடும் அதுதான். பெயின்ட், ஃபைபர் வேலையெல்லாம் என்னுடையது. எஞ்சினும் கரண்டும் வீட்டுக்காரர் பாடு. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்றில் அந்தமான் கடல் பக்கம் சுற்றுவோம், தென்மேற்குப் பருவம் பிடித்ததும் இங்கே ஏறிவிடுவோம்.

முதலில் லிஃப்ட், அதாவது படகை இரண்டு பெல்ட்டில் தொங்கவிட்டுத் தூக்குகிற வண்டி. பெல்ட்டைத் தப்பான இடத்தில் போட்டுத் தூக்கினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வளைந்து போகும். இங்கே படகை உள்ளே விடுவதற்கு முன்பே அடிப்பாகத்தின் வரைபடமோ, பழைய போட்டோவோ கேட்கிறார்கள். முன் பெல்ட் மூக்குப் பக்கம் வழுக்கி ஓடாமலிருக்க, முன் பெல்ட்டையும் பின் பெல்ட்டையும் கயிற்றால் பிணைத்துவிடுகிறார்கள். எத்தனையோ யார்டில் இதை நாம்தான் சண்டை போட்டுச் செய்ய வைக்க வேண்டும்.

ஃபோர்மேன் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். படகு தொங்கிக்கொண்டிருக்கும்போதே விரல் முட்டியால் தட்டிக்கொண்டு வருவார். "டொக்... டொக்..." என்று வெற்றுச் சத்தம் வரும் வரை நகர்ந்துகொண்டே இருப்பார். சத்தம் கனத்ததும் நிற்பார். "அக்கா, உள்ளே பல்க்ஹெட் இங்கதானே?" என்பார். அங்கதான் இருக்கும். உள்ளே தடுப்புச் சுவர் தாங்கும் இடத்தில்தான் ஸ்டாண்ட் (பக்கவாட்டில் முட்டுக் கொடுக்கிற கால்) முட்ட வேண்டும், வெறும் ஃபைபரில் முட்டினால் குழி விழும். எடை முழுவதும் கீலுக்கு (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனத்த பாகம்) அடியில் இருக்கிற மரக்கட்டைமேல்; ஸ்டாண்டுகள் சாயாமல் பிடிக்க மட்டும். எதிரெதிர் ஸ்டாண்டுகளைக் கீலுக்கு அடியில் சங்கிலி போட்டு இறுக்கிய பிறகே லிஃப்ட் நகர்கிறது. இந்தப் பக்கத்தில் விடியற்காலையில் 'சுமத்திரா' என்று ஒரு காற்று மழையோடு அடிக்கும் பாருங்கள், பாய்மரம் நிமிர்ந்து நிற்கிற படகு கரையில் கிடந்து ஆடும். சங்கிலி போடாத யார்டில் நான் படகுக்குள் படுக்கவே மாட்டேன்.

இனி குறைகள். கூலிக்கு விடும் வேலை படுமோசம். போன வருஷம் முதுகுவலி என்று அடிப்பாகப் பெயின்ட்டை மட்டும் அவர்களிடம் கொடுத்தேன். ஷாஃப்டில் இருந்த ஸிங்க் என்கிற துத்தநாகக் கட்டிமேலும் சேர்த்து அடித்துவிட்டார்கள்! ஸிங்க் தான் கரைந்து ப்ரொப்பெல்லரைக் காப்பாற்றுகிற சாமான். மேலே பெயின்ட் ஏறினால் அது இருந்தும் இல்லாததுதான். டின்னையும் சரியாகக் கலக்கவில்லை. ஆன்டிஃபவுலிங் என்கிற அந்த அடிப்பாகப் பெயின்ட்டில் செப்பு ஆக்ஸைடு அடியில் சேறாகத் தங்கிவிடும், கட்டையால் நன்றாகக் கிளறி மேலே கொண்டு வந்தால்தான் கொட்டலசு (படகில் ஒட்டி வளர்கிற ஓட்டுப் பிராணி) ஒட்டாது. மேலே நிற்கிற தெளிந்த தண்ணிப் பெயின்ட்டை அடித்துவிட்டு, அடியில் காசு கொடுத்த சாமானை அப்படியே விட்டுவிட்டார்கள். வெள்ளீயக் கலவை போட்ட பழைய பெயின்ட் சிப்பிகளை நாசமாக்கியதால் 2008-இல் உலக அளவில் தடையானது. இன்று நமக்குப் பெரும்பாலும் செம்புதான் கதி, அதையும் வீணடித்தால் எப்படி? பில்லில் குறைக்கச் சொன்னதற்கு ஆபீஸில் சிரித்தார்கள், குறைக்கவில்லை.

பக்கத்தில் இரும்புப் படகுக்குத் துரு போக மணலைப் பீய்ச்சி அடிப்பார்கள், முன்கூட்டிச் சொல்வதும் கிடையாது. ஈரப் பெயின்ட்மேல் அந்தத் தூசி படிந்தால் திரும்பத் தேய்க்க வேண்டியதுதான். மத்தியானம் இடி மழை என்பதால் நான் காலையில் பனி காய்ந்ததும் ஆரம்பித்து, சாப்பாட்டு நேரத்துக்குள் ரோலரை வைத்துவிடுவேன். அடியில் பூசுகிற எப்பாக்ஸி கட்டை விரலில் லேசாக ஒட்டுகிற பதத்திலேயே ஆன்டிஃபவுலிங் ஏற வேண்டும், அதனால் மணல் அடிக்கிறார்களா என்று காலையிலேயே நடந்து போய்க் கேட்டுவிடுங்கள்.

படகிலேயே தங்க விடுகிறார்கள், அது பெரிய விஷயம். ஆனால் ஏணி ஏறி இறங்கித்தான் எல்லாமே. பாத்திரம் கழுவுகிற தொட்டியில் விட்ட தண்ணீர் கீழே வேலை செய்பவர் தலையில் விழும். கடல் தண்ணீரில் குளிர்கிற ஏர்கானும் ஃப்ரிட்ஜும் கரையில் ஓடாது. குளியலறை இரண்டுதான், சாயங்காலம் வரிசை நிற்கும். எறும்பு ஸ்டாண்ட் வழியாகவும் கரண்ட் வயர் வழியாகவும் ஏறும். அலமாரிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிற மாதிரி இங்கே ஸ்டாண்ட் காலுக்கு கிரீஸ் தடவுகிறோம். கேன்டீன் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) நன்றாக இருக்கும், ஒன்பது மணிக்கு மேல் போனால் கிடைக்காது.

கடைசி நாள் ராத்திரி படகை லிஃப்டிலேயே தொங்க விட அனுமதிக்கிறார்கள், தனிக் காசும் இல்லை. கீலின் அடியையும் ஸ்டாண்ட் முட்டியிருந்த இடங்களையும் அப்போதுதான் பெயின்ட் அடிக்க முடியும். மறுநாள் தண்ணீரில் இறக்கினதும் பெல்ட்டைக் கழற்ற அவசரப்படுத்துவதில்லை. வீட்டுக்காரர் ஒவ்வொரு சீகாக்கையும் (அடிப்பாகத்தில் கடல் தண்ணீரை அடைக்கிற வால்வு) டார்ச் அடித்துப் பார்த்து, ஷாஃப்ட் ஸீலைப் பிதுக்கிக் காற்றை வெளியேற்றி, கட்டை விரல் காட்டும் வரை டிரைவர் பேசாமல் காத்திருப்பார்.

ஆற்று வாயில் மணல் திட்டு இருக்கிறது. கீல் ஆழமான படகு என்றால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தில்தான் நுழைய முடியும். அந்த நாட்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், பிப்ரவரியிலேயே போன் போட்டுச் சொல்லி வையுங்கள். பெயின்ட்டையும் ஸிங்க்கையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.